இறக்கையைப் பிடித்த கை: ட்ரோனைக் கையிலிருந்து விட்டு, கையில் இறக்கும் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்தது.)

1903 டிசம்பர் 17-ம் தேதி எடுத்த ஒரு போட்டோவை நீங்க எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ஸ்கூல் புக்ல, இல்லேன்னா வாட்ஸப் ஃபார்வர்டுல. மணல்வெளி, ரெண்டடுக்கு இறக்கை, தரையை விட்டுக் கொஞ்சமே எழும்பின விமானம். அதுல குப்புறப் படுத்திருக்கிறவர் ஆர்வில் ரைட். எல்லாரும் அவரைத்தான் பார்ப்போம். ஆனா போட்டோவோட வலது பக்கம் ஒருத்தர் நிக்கிறார். இன்னிக்கு எபிசோடு அவரைப் பத்தினது.

அவர் அண்ணன் வில்பர் ரைட். சில நொடி முன்னாடி வரைக்கும் இறக்கை நுனியைப் பிடிச்சுக்கிட்டு, விமானம் சாயாம பார்த்துக்கிட்டு, கூடவே ஓடி வந்தவர். இப்போ கையை விட்டுட்டு நின்னு பார்க்கிறார். விமானம் 12 நொடி பறந்துச்சு, 120 அடி போச்சு. பறந்தவரோட பேர் சரித்திரத்துல முதல்ல வந்துச்சு. பிடிச்சிருந்த கையைப் பத்தி யாரும் பெருசாப் பேசல.

நான் அந்தக் கையைப் பத்திப் பேசப்போறேன். ஏன்னா, இப்போ அது எங்க ஊர் மொட்டை மாடியில நிக்குது.

திருப்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு 15 வேலம்பாளையம்னா தெரியும். தனி நகராட்சியா இருந்து, 2011-ல திருப்பூர் மாநகராட்சியோட சேர்ந்த பகுதி. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி, நடுநடுவுல கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்ல மண்டபத்து மொட்டை மாடியைப் பாருங்க. ஒரு பையன் ட்ரோனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருப்பான். பத்தடி தள்ளி ரிமோட்டோட வீடியோகிராஃபர். "தம்பி, விட்டுரு!"னு ஒரு குரல். ட்ரோன் மேல போயிரும். அரை மணி நேரத்துக்குள்ள அதே கையில வந்து இறங்கும்.

அந்தப் பையன் பெரும்பாலும் வாரத்துல ஆறு நாள் பனியன் கம்பெனியில வேலை பார்க்கிறவன். ஓவர்லாக் அடிக்கிறவன், இல்லேன்னா கை மடிக்கிறவன். பீஸ் ரேட்டுக்கு வேலை. விரல் ஓடினா காசு. ஒரு விரல்ல தையல் போட்டா, அந்த வாரம் சம்பளம் இல்லை. அதனால ட்ரோனைக் கையிலிருந்து விடுறது, கையில பிடிக்கிறதுங்கிறது இங்கே வெறும் ஸ்டைல் சமாச்சாரம் இல்லைங்க.

பொம்மையில ஆரம்பிச்சது

கையிலிருந்து பறக்க விடுற பழக்கம் விமானத்தைவிட ரொம்பப் பழசு. திருவிழாக் கடையில ஒரு பிளாஸ்டிக் விசிறி விப்பாங்க, ஞாபகம் இருக்கா? குச்சியை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டி விட்டா மேல போகும். சீனாவுல பல நூற்றாண்டா மூங்கில்ல அதைச் செஞ்சு விளையாடியிருக்காங்க. 1870-கள்ல அல்ஃபோன்ஸ் பெனோங்கிற பிரெஞ்சு இளைஞர் அதே யோசனைக்கு முறுக்கின ரப்பர் பேண்டைச் சேர்த்தார். அந்த மாதிரிப் பொம்மை ஒண்ணை 1878-ல ஒரு அப்பா தன் பசங்களுக்கு வாங்கிட்டு வந்தார். அந்தப் பசங்கதான் வில்பரும் ஆர்விலும். விமானத்து மேல ஆசை வந்ததுக்கு அந்தப் பொம்மையைத்தான் அவங்க பின்னாடி காரணமாச் சொன்னாங்க.

அந்தப் பொம்மையில விசிறி கைக்குப் பக்கத்துலதான் சுத்தும். ஆனா ரப்பர் பேண்டோட பலம் எவ்வளவு? விரல்ல பட்டாலும் சிரிச்சுட்டுப் போயிரலாம். பிரச்சனை எஞ்சின் வந்தப்போ ஆரம்பிச்சுச்சு.

பிடிச்சுக் கொடுத்தவர்

எஞ்சின் வைக்கிறதுக்கு முன்னாடி, 1900-லிருந்து 1902 வரைக்கும் ரைட் சகோதரர்கள் கிளைடர்தான் ஓட்டினாங்க. கிட்டி ஹாக் மணல்மேட்டுல ஒருத்தர் கிளைடர்ல படுத்துக்குவார். ரெண்டு பேர் ஆளுக்கொரு இறக்கை நுனியைப் பிடிச்சுக்கிட்டு காத்துக்கு எதிரா ஓடி விட்டுருவாங்க. 1902-ல எடுத்த ஒரு படத்துல ஒரு நுனியில வில்பர், இன்னொரு நுனியில டேன் டேட். இவர் அந்த ஊர்க்காரர், உதவிக்கு வந்த ஆள். இன்னிக்கு மொட்டை மாடியில நிக்கிற தம்பிக்குப் பாட்டனார்னு வேணும்னா அவரைச் சொல்லலாம்.

கை எங்கே இருந்துச்சுன்னு பாருங்க. இறக்கையோட நுனியில. 1903-ல எஞ்சின் வந்தப்போ புரொப்பெல்லர் ரெண்டையும் இறக்கைக்குப் பின்னாடி வச்சாங்க. வில்பர் பிடிச்ச நுனிக்கும் அதுக்கும் நல்ல தூரம். விமானத்தை உந்துற வேலையையும் கைகிட்ட கொடுக்கல. அது தண்டவாளத்துல ஓடிப் போச்சு. நுனியைப் பிடிச்சு நேரா வைக்கிறது மட்டும்தான் கையோட வேலை.

இந்தக் கதை முழுக்க நான் கவனிச்ச விஷயம் இதுதான். கையால விடுற பொருளை நல்லாச் செஞ்சவங்க எல்லாரும், கை எங்கே இருக்கணும்ங்கிறதை முதல்ல முடிவு பண்ணியிருக்காங்க.

கைக்கு ஒரு இடம்

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல ரேடியோபிளேன்னு ஒரு கம்பெனி, பீரங்கிக்காரங்க சுட்டுப் பழகுறதுக்காக ஆளில்லா விமானம் ஆயிரக்கணக்குல தயாரிச்சுச்சு. அந்த ஃபேக்டரியில வேலை பார்த்த ஒரு பொண்ணை ராணுவ போட்டோகிராஃபர் படம் எடுக்க, அந்தப் பொண்ணு மாடலிங்குக்குப் போய், பின்னாடி மர்லின் மன்றோ ஆனாங்க. அது தனி எபிசோடு. நமக்கு வேண்டியது, அந்த ட்ரோன் நூறு பவுண்டுக்கு மேல எடை. கையால விட முடியாது. கவண் மாதிரி ஒரு கருவியில வச்சு எறிவாங்க, பாராசூட்ல இறக்குவாங்க.

கை திரும்ப வந்தது 1980-கள்ல. பால் மெக்ரெடினு ஒரு எஞ்சினியர். மனுஷன் மிதிச்சே ஓட்டுற விமானத்தை 1977-ல பறக்க விட்டு, பெரிய பரிசு வாங்கினவர். எடையைக் குறைக்கிறதுல கில்லாடி. அவரோட ஏரோவைரன்மென்ட் கம்பெனி பாயின்டர்னு ஒரு ட்ரோனைச் செஞ்சுச்சு. இறக்கை நீளம் ஒன்பது அடி, எடை நாலு கிலோ பக்கம். ஒரு ஆள் தோளுக்கு மேல தூக்கி எறிஞ்சா போதும். 1991 வளைகுடாப் போர்ல அதைப் பயன்படுத்தினாங்க. அதோட வாரிசு ரேவன், ரெண்டு கிலோவுக்கும் கம்மி.

பாயின்டர்லயும் ரேவன்லயும் விசிறி பின்பக்கம், உயரத்துல. வீரர் பிடிக்கிறது கீழ இருக்கிற உடம்பை. எறியும்போது கை முன்னாடி போய் நின்னுரும், விசிறி கைக்கு மேல தாண்டிப் போயிரும். இறக்கத்துக்கு வேற வழி வச்சாங்க. யாரும் பிடிக்க வேண்டாம். உயரத்துல வேகத்தை இழந்து, கிட்டத்தட்ட செங்குத்தாக் கீழ வந்து தரையில மோதும். ரேவன் மோதின உடனே இறக்கை, வால்னு தனித்தனியா கழண்டு விழுந்துரும். உடைஞ்ச மாதிரி தெரியும், ஆனா மோதுற அதிர்ச்சியை வாங்கிக்கத்தான் அப்படிச் செஞ்சாங்க. திரும்ப மாட்டினா அடுத்த ரவுண்டுக்கு ரெடி.

நிலம் அளக்கிற வேலைக்கு வந்த சுவிஸ் ட்ரோன் ஈபீ. தெர்மோகோல் மாதிரியான ஃபோம், எடை முக்கால் கிலோ பக்கம். மூணு தடவை குலுக்கினா மோட்டார் ஓட ஆரம்பிக்கும். விசிறி இதுலயும் பின்னாடிதான், அதையும் ரப்பர் வளையத்துல மாட்டியிருப்பாங்க. எதுலயாவது பட்டா விசிறி விட்டுக்கொடுக்கும்.

நம்ம ஊர்லயும் இந்தப் பழக்கம் இருக்கு. என்.சி.சி. ஏர் விங்ல இருந்தவங்களைக் கேளுங்க. ஏரோமாடலிங்ல முதல் பாடமே கையால வீசுற சக் கிளைடர்தான். அதுல எஞ்சினே கிடையாது. எஞ்சின் வச்ச மாடலுக்குப் போனா, விசிறியை விரலால சுத்தி ஸ்டார்ட் பண்றதுக்குப் பதிலா ஒரு குச்சி கொடுப்பாங்க. அதுக்குப் பேரே 'சிக்கன் ஸ்டிக்', அதாவது பயந்தாங்கொள்ளிக் குச்சி. அனுபவசாலிகள் எல்லாரும் வெட்கப்படாம அதைத்தான் எடுப்பாங்க. நடிகர் அஜித் குமார் இந்த ஏரோமாடலிங் உலகத்துலேருந்து வந்தவர்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்‌ஷா குழுவுக்கு 2018-ல ஆலோசகரா இருந்தார். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுல நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில அந்தக் குழு ரெண்டாம் இடம் வாங்குச்சு.

நாலு விசிறி வந்தப்போ

அப்புறம் குவாட்காப்டர் வந்துச்சு. 2013-ல டி.ஜே.ஐ. ஃபேன்டம். பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே பறக்க விடலாம். இருந்த இடத்துலேருந்து நேரா எழும்பும், நேரா இறங்கும். அதனால செஞ்சவங்க கையைப் பத்தி யோசிக்கவே இல்லை. தரை இருக்குல்ல, அங்கே இறக்கிக்கோங்கன்னு விட்டுட்டாங்க. விசிறி இப்போ நாலு மூலையிலயும். எந்தப் பக்கத்துலேருந்து கையைக் கொண்டு போனாலும் பக்கத்துல ஒரு விசிறி.

ஆனா எல்லா இடத்துலயும் நல்ல தரை இருக்குமா? ஆடுற படகுல இறக்க முடியாது. மணல்ல இறக்கினா மோட்டாருக்குள்ள மணல் போகும். ஃபேன்டத்துக்குக் கீழ ரெண்டு கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அது தரைக்காக வச்ச கால். ஜனங்க அதைக் கைப்பிடி ஆக்கிட்டாங்க. ஓட்டினவங்களே கைக்கு ஒரு இடம் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லலாம். 2016-ல மடக்குற மாவிக் வந்தப்போ அந்தக் காலும் குட்டையாப் போச்சு. பழக்கம் மட்டும் போகல.

2015 மே 30. மெக்சிகோவுல டிஹுவானா நகரம். பாடகர் என்ரிக் இக்லேசியாஸ் கச்சேரி. மேடைக்கு மேல ட்ரோன் பறக்கும், அவர் அதைக் கையால பிடிச்சு கூட்டத்தைக் காட்டுவார். பல ஷோவுல பண்ண விஷயம்தான். அன்னிக்கு விசிறி விரலை வெட்டிருச்சு. கையில துணியைச் சுத்திக்கிட்டு இன்னும் அரை மணி நேரம் பாடினார், சட்டையெல்லாம் ரத்தம். பிறகு ஆபரேஷன். அவர் பெரிய பாடகர், அதனால உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. நம்ம மண்டபத்துத் தம்பிக்கு ஆனா யாருக்குத் தெரியும்?

கம்பெனிகளும் மெதுவா வழிக்கு வந்தாங்க. 2017-ல டி.ஜே.ஐ. ஸ்பார்க், உள்ளங்கையிலேருந்தே கிளம்பும்னு சொல்லி விளம்பரம் பண்ணாங்க. 2024-ல வந்த நியோ 135 கிராம்தான், விசிறியைச் சுத்திக் கூண்டு. பத்து வருஷம் கழிச்சு, கைக்குன்னு ஒரு இடத்தைத் திரும்பவும் யோசிச்சிருக்காங்க. ஆனா கல்யாண வீடியோவுக்குப் போற ட்ரோன்ல இன்னும் அந்தக் கூண்டு இல்லை.

மொட்டை மாடியில ஏன் கை?

வேலம்பாளையத்துல ஒரு வீடியோகிராஃபர் அண்ணன்கிட்ட கேட்டேன், "ஏனுங்கண்ணா, மாடித் தரையில வச்சே எழுப்பலாம்ல?"

"எழுப்பலாங்க கண்ணு. ஆனா கீழ பூராம் கம்பி. காம்பஸ் எர்ரர்னு கத்தும். அதுபோக பஞ்சும் நூலும். ஒரு நூல் மோட்டார்ல சுத்துச்சுன்னா முடிஞ்சுது."

ரெண்டுமே நியாயமான காரணம். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக்கம்பி ட்ரோனோட திசைகாட்டியைக் குழப்பும். தரைக்கு ஒட்டி இருக்கிறப்போ குழப்பம் ஜாஸ்தி, உயரத்துல கம்மி. நூல் விஷயம் நம்ம ஊருக்கே உரியது. அதனால கையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. முதல்ல வேற வழி இருக்கான்னு பாருங்க. ஒரு மேசை போதும். இல்லேன்னா பனியன் பேக்கிங் அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு, நாலு மூலையிலயும் செங்கல் வச்சாலே நூல் பிரச்சனை தீரும். செங்கல் இல்லேன்னா விசிறிக் காத்துல அட்டையே எழும்பி விசிறியில மாட்டும். எதுவுமே முடியலைன்னா மட்டும் கை.

சரி, கைதான்னா எப்படி?

ஓட்டுறவரும் பிடிக்கிறவரும் வேற வேற ஆளா இருக்கட்டும். ஒரே ஆள்னா ஒரு கையில ட்ரோன், ஒரு கையில ரிமோட், கண் எதைப் பார்க்கும்? பிடிக்கிறவர் கண்ணாடி போட்டுக்கணும், கை உறை போட்டுக்கணும். கழுத்துல தொங்குற ஐடி கார்டு, துப்பட்டா, காப்பு, விரிச்ச தலைமுடி எல்லாத்தையும் ஒதுக்கி வைங்க.

காத்து விஷயத்துல பலபேர் குழம்புவாங்க. இறக்கை வச்ச ட்ரோனைக் காத்துக்கு எதிரா எறியணும், ரைட் சகோதரர்கள் மாதிரி. குவாட்காப்டருக்குத் தலைகீழ். காத்து உங்க முதுகுல படணும். அப்போதான் விட்டதும் அது உங்க முகத்துக்கு வராம, உங்களை விட்டு விலகிப் போகும்.

ட்ரோனோட கேமரா வெளிய பார்க்கணும், வால் உங்க பக்கம். கையை முழுசா நீட்டி, தலைக்கு மேல. உடம்போட அடிப்பக்கத்தை மட்டும் விரல் நுனியால, மட்டமா. எந்த விரலும் விசிறி சுத்துற வட்டத்துக்குக் கீழயோ பக்கத்துலயோ போகக்கூடாது. எறியாதீங்க. ஓட்டுறவர் மேல ஏத்துவார், அது தானாக் கையை விட்டுக் கிளம்பும்.

இறக்கம்தான் கஷ்டம். ட்ரோன் உங்களுக்கு முன்னாடி, தலையைவிட உயரத்துல வந்து அசையாம நிக்கட்டும். வால் உங்க பக்கமே இருக்கட்டும், ஏன்னா முன்பக்க சென்சார் உங்களைச் சுவர்னு நினைச்சு விலகப் பார்க்கும். எல்லாப் பக்கமும் சென்சார் இருக்கிற மாடல்னா செட்டிங்ல அதை அணைச்சுட்டு வாங்க. கீழேருந்து கையைக் கொண்டு போங்க, பக்கவாட்டுல வேண்டாம். அடிப்பக்க சென்சார் உள்ளங்கையைத் தரைன்னு நினைக்கும். ஓட்டுறவர் கீழிறக்குற ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், மோட்டார் நிக்கிற வரைக்கும்.

பெரும்பாலான வெட்டுக்காயம் இங்கேதான் வரும். பிடிச்சாச்சுங்கிற தைரியத்துல கையைச் சாய்ப்பாங்க. ட்ரோனுக்கு அது கைன்னு தெரியாது. காத்து சாய்க்குதுன்னு நினைச்சு, நிமிர்றதுக்காக ஒரு பக்க மோட்டாரை முழு வேகத்துல முடுக்கும். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுத்து. அதனால நிக்கிற வரைக்கும் மட்டமா வைங்க. காத்து தூக்கிச்சுன்னா துரத்திப் பிடிக்காதீங்க. கையை இறக்கிட்டு ரெண்டடி பின்னாடி போங்க, ஓட்டுறவர் மேல ஏத்திட்டுத் திரும்ப வரட்டும். இந்த ரெண்டாவது முயற்சிக்கு பேட்டரி மிச்சம் இருக்கணும். கடைசிச் சொட்டு பேட்டரியில வந்தாதான் பதட்டத்துல எட்டிப் பிடிக்கத் தோணும். கீழ விழுற ட்ரோனை ஒருநாளும் பிடிக்கப் போகாதீங்க. அது விழட்டும். ரேவனை விழுறதுக்குன்னே செஞ்சிருக்காங்கல்ல.

இதை ஒரு கட்டிங் மாஸ்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அடுக்கி வச்ச துணியை ஓடுற பிளேடுல வெட்டுறவர், இடது கையில ஸ்டீல் வளையத்துல பின்னின கை உறை போட்டிருப்பார்.

"மாஸ்டர், இதைப் போட்டா வேலை மெதுவாகாதுங்களா?"

"ஆகுந்தாங்க. ஆனா வெட்டுற கைக்குப் பயம் இருக்குமுங்க, துணியைப் பிடிக்கிற கை மறந்துரும். அதனால பிடிக்கிற கைக்குத்தான் உறை."

சட்டம் என்ன சொல்லுது?

2014 அக்டோபர்ல டி.ஜி.சி.ஏ. தனியார் ட்ரோனுக்கே தடை போட்டாங்க. 2018 டிசம்பர்ல அனுமதியோட பறக்கலாம்னு ஆச்சு. இப்போ நடப்புல இருக்கிறது 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள். 250 கிராம் வரைக்கும் நானோ ட்ரோன், ஓட்டப் பைலட் சான்றிதழ் வேண்டாம். எங்கே பறக்கலாம்னு டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்கணும். நமக்குப் பக்கத்துலயே கோவை ஏர்போர்ட்டும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கு, அதனால பார்க்காம ஏத்தாதீங்க. ஆனா ஒண்ணு, இந்த எடைக்கணக்கு ட்ரோனுக்குத்தான். 249 கிராம் ட்ரோனோட விசிறியும் விரலை வெட்டும். சான்றிதழ் ஓட்டுறவருக்கு. பிடிக்கிற தம்பிக்குன்னு தனியா ஒரு பயிற்சியும் இல்லை.

அதனால அந்தப் பொறுப்பு ஓட்டுறவர்கிட்ட வருது. நான் கேட்டுக்கிறது ரெண்டே விஷயம். பிடிக்கிறவருக்கு ஒரு ஜோடி நல்ல கை உறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்க. ட்ரோனுக்குச் செலவழிச்ச காசுல அது ஒரு துளி. ரெண்டாவது, 'வேண்டாம்'னு சொல்ற உரிமையை அவருக்குக் கொடுங்க. காத்து சரியில்லைன்னு அவர் சொன்னா, மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டாலும், அந்த ஷாட் இல்லை.

1903-ல பறந்தவரும் பிடிச்சவரும் அண்ணன் தம்பி. அன்னிக்கே மாத்தி மாத்தி நாலு தடவை பறந்தாங்க. கடைசியா, அதிக தூரம் பறந்தது வில்பர்தான், 852 அடி. நீங்களும் ஒருநாள் ரிமோட்டைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு, கை உறையை நீங்க மாட்டிப் பாருங்க. விசிறிக்கு அடியில கையை நீட்டி நிக்கிறப்போதான், எவ்வளவு நிதானமா இறக்கணும்னு புரியும்.

உங்க ஊர்ல இப்படிப் பிடிச்சுக் கொடுக்கிற ஆளுங்களோட கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. விரல் பத்திரம்.